அகதிக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கு நூலகம்: பணத்தை யாரிடம், எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். உங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். தலைமையாசிரியர் ஒரு காலி அறையைக் காட்டி நூலகமாக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கையில் பணம் இல்லை. இணையத்தில் எந்தத் தளத்தில் வேண்டுகோள் வைத்தால் பணம் வரும்? ஒரு தளத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டாம் தடவை படித்தபோது, அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. எங்களைத் தெரியாத ஒருவர், தான் பார்த்தேயிராத பிள்ளைகளுக்காக, எங்களை நம்பி ஏன் பணம் தர வேண்டும்? அதற்குத்தான் இந்தப் பதில். தளத்தைப் பற்றியும் நடுவில் வரும்.

பள்ளி நூலகங்களில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பாதிக் காலம், வீடு விட்டு வந்த பிள்ளைகள் படித்த பள்ளிகளில். அந்த நூலகங்களுக்காகப் பல தடவை பணம் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் உண்டு, வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. நான் கணக்காளரோ வழக்கறிஞரோ இல்லை. சட்டம் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும், உங்கள் நாட்டில் அது தெரிந்த ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம் கேட்கும் முன்னால், எதற்குக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். "நூலகம்" என்றதும் நம் மனசில் வருவது அலமாரியும் புத்தகமும். அதனால் வேண்டுகோளிலும் அலமாரி, புத்தகம் என்றே எழுதிவிடுகிறோம். ஒரு பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல மனசுள்ள ஒரு குழு ஆயிரம் புத்தகங்களுக்குப் பணம் திரட்டி, வண்ணம் பூசி, நாடா வெட்டித் திறந்து வைத்தது. எட்டு மாதம் கழித்து நான் போனபோது அறை பூட்டியிருந்தது. சாவி அலுவலக உதவியாளரிடம். அவர் அன்று விடுப்பு. மறுநாள் திறந்து பார்த்தால், பாதிப் புத்தகங்களின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் முழுநேரமும் வகுப்பு. அந்த அறையில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று யாரும் பணம் கேட்கவில்லை, அதனால் வரவும் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் உறுதியாகத் தெரிந்தது என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: ஆளுக்குப் பணம் கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் அந்த அறையைத் திறந்து வைத்து, புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, சத்தமாக வாசித்துக் காட்டும் ஒருவர். அவர் அகதிச் சமூகத்திலிருந்தே வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. தன் நாட்டில் ஆசிரியராக இருந்து இங்கே வேலையில்லாமல் இருக்கும் ஒருவர் உங்கள் பெற்றோர் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். அவருக்கு இப்போது இருக்கும் நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஊக்கத்தொகை தர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய முகாம்களில் பல வேலைகள் ஊக்கத்தொகை முறையில்தான் நடக்கின்றன.

நான் வழக்கமாகப் போடும் கணக்கைச் சொல்கிறேன். கையில் வரும் பணத்தை நூறு பங்காக வைத்துக்கொண்டால், நாற்பது பங்கு ஆளுக்கு. முப்பத்தைந்து புத்தகத்துக்கு. பத்து பங்கு அலமாரி, தரைவிரிப்பு, விளக்கு. ஐந்து பங்கு உறை, ஒட்டு, பதிவேடு, அச்சு. மீதிப் பத்து பங்கு, தொலையும் புத்தகங்களுக்கு. இந்தக் கடைசிப் பங்கைப் பார்த்து நிறையப் பேர் முகம் சுளிப்பார்கள். அகதிக் குடும்பம் திடீரென்று இடம் மாறும். வெள்ளிக்கிழமை புத்தகம் எடுத்துப் போன பையன் திங்கட்கிழமை வேறு நாட்டில் இருக்கலாம். புத்தகமும் அவனோடு போயிருக்கும். அதற்குப் பயந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நூலகம் முடிவெடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பயனில்லை. அதைவிட இழப்பை முதலிலேயே கணக்கில் எழுதிவிடுவது நேர்மை. நன்கொடையாளரிடமும் அப்படியே சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூட அதற்காகப் பின்வாங்கவில்லை.

எத்தனை புத்தகம் வேண்டும்? சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2002ல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டி, மாணவருக்குப் பத்துப் புத்தகம், எவ்வளவு சின்னப் பள்ளியானாலும் குறைந்தது 2,500 என்று சொன்னது. அதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அது போய்ச் சேர வேண்டிய இடம். புறப்படும் இடம் வேறு. நான் முந்நூறு புத்தகத்தோடு தொடங்கியிருக்கிறேன். நன்றாகத் தேர்ந்தெடுத்த முந்நூறு, கண்டபடி வந்த மூவாயிரத்தைவிட அதிகம் வாசிக்கப்படும். அதே வழிகாட்டி, தொகுப்பில் அறுபது சதவீதமாவது பாடத்தோடு தொடர்புள்ள, கதையல்லாத நூல்களாக இருக்க வேண்டும் என்றது. இந்த இடத்தில் நான் ஒத்துப்போவதில்லை. புது மொழியில் பாடம் கேட்டுக் களைத்து வரும் பிள்ளைக்கு முதலில் கதை வேண்டும், படம் வேண்டும். முதல் இரண்டு வருடம் அந்த விகிதத்தைத் தலைகீழாகவே வைத்திருந்தேன். இது என் அனுபவத் தீர்ப்பு, ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிதி கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் அதில்தான் இருக்கிறது. பொதுவாக அகதிப் பிள்ளைகளுக்கு நன்கொடையாக வரும் புத்தகங்கள் அவர்கள் வீட்டில் பேசாத மொழியில் இருக்கும். பள்ளி மொழியில் புத்தகம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி படித்துக் காட்டக்கூடிய புத்தகம் ஒன்று வீட்டுக்குப் போகும்போது நடப்பது வேறு. அடுத்த வாரம் பாட்டியே பள்ளி வாசலில் வந்து நிற்பார். உங்கள் பள்ளியில் ஐந்து மொழி பேசுகிறார்கள் என்றால், ஐந்திலும் புத்தகம் தேடுங்கள். அதோடு, எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் ஒரு முப்பதாவது வாங்குங்கள். சிறுவர் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான இப்பி இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் கடல் கடந்து இத்தாலியின் லாம்பெதூசா தீவில் வந்து இறங்கியவர்களையும் அந்தத் தீவுப் பிள்ளைகளையும் மனசில் வைத்து, 2012ல் பல நாடுகளிலிருந்து சொல்லில்லாப் படப் புத்தகங்களைத் திரட்டத் தொடங்கினார்கள். அந்தத் தீவில் அதுவரை சிறுவர் நூலகமே இல்லை.

அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவனுக்கு மற்றவன் மொழி தெரியாது. இவன் ஒரு பக்கத்தைத் திருப்பி, படத்தில் விரலை வைத்துத் தன் மொழியில் கதை சொல்வான். அவன் அடுத்த பக்கத்தைத் தன் மொழியில் சொல்வான். இடையில் ஏதோ சண்டை. படத்தில் இருந்த நாய் நல்ல நாயா கெட்ட நாயா என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை போலிருந்தது. அதே புத்தகத்தை இன்னொரு நாள் ஒரு சிறுமி எடுத்தாள். கடலும் படகும் வரும் பக்கம் வந்ததும் பட்டென்று மூடிவிட்டாள். நூலக அறையைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் அவள் அதே புத்தகத்தை எடுத்து, அந்தத் தாளை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தாண்டி, கடைசிவரை பார்த்தாள். ஆள் வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

புத்தகச் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற தளத்தில், நூற்றுக்கணக்கான மொழிகளில் குழந்தைக் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இறக்கிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்று ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைகளின் மொழியில் கடையில் புத்தகமே கிடைக்காவிட்டாலும், பெற்றோரில் நாலு பேரை உட்கார வைத்து மொழிபெயர்த்து, வண்ணத்தில் அச்சடித்து, நடுவில் பின் அடித்துவிட்டால் புத்தகம் தயார். எழுதியவர், ஓவியர் பெயரையும் உரிமத்தையும் பின்னட்டையில் கட்டாயம் போடுங்கள். திறந்த உரிமத்தின் நிபந்தனை அது. "எங்கள் பெற்றோர் மொழிபெயர்த்த இருபது கதைகளை அச்சடிக்க உதவுங்கள்" என்பது, "நூலகத்துக்கு நன்கொடை தாருங்கள்" என்பதைவிட எவ்வளவோ தெளிவான வேண்டுகோள்.

சரி, புத்தகமாகவே தருகிறேன் என்று வருகிறவர்களை என்ன செய்வது? வருவார்கள், நிறையவே. நான் பிரித்த பெட்டிகளில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. மேலே நாலு நல்ல படக்கதைகள். அதன் கீழே பழைய வரிச் சட்டக் கையேடு, பாதி நிரப்பிய பயிற்சிப் புத்தகங்கள், அட்டை கழன்ற கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதி மட்டும். எல்லாவற்றையும் பிரித்து, தரம் பார்த்து, வேண்டாததை அப்புறப்படுத்த எங்களுக்கு இரண்டு நாள் போயிற்று. தந்தவர் அன்போடுதான் தந்தார். ஆனால் தனக்கு வேண்டாததை ஒருவர் கொடுக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். அதனால் ஒரு பக்கத்தில் விருப்பப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மொழி, இந்த வயசு, புதிது அல்லது புதிது போன்றது, இத்தனை பிரதி. பட்டியலில் இல்லாததை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முதல் தடவை சங்கடமாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து புத்தகம் வந்தால் சுங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1950ல் யுனெஸ்கோ முன்னின்று ஃப்ளாரன்ஸில் உருவாக்கிய ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், புத்தகங்களுக்கு இறக்குமதித் தீர்வை போடக் கூடாது. உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தீர்வை இல்லையென்றாலும் துறைமுகக் கையாளும் கட்டணம், கிடங்கு வாடகை, உள்ளூர் வண்டிச் செலவு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். "புத்தகம் இலவசம்" என்று வரும் கப்பல் பெட்டி, உள்ளூரிலேயே வாங்குவதைவிட அதிகம் செலவு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அனுப்புகிறவரிடமே வண்டிச் செலவையும் கேட்டுவிடுங்கள், தயங்க வேண்டாம். மொத்தமாகப் புதுப் புத்தகம் வேண்டுமென்றால், 1954லிருந்து இந்த வேலையைச் செய்துவரும் புக் எய்ட் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் உண்டு. அவர்கள் தனிப் பள்ளிகளைவிட உள்ளூர்க் கூட்டாளி அமைப்புகள் வழியாகத்தான் பெரும்பாலும் வேலை செய்வார்கள். உங்கள் பகுதியில் அந்தக் கூட்டாளி யார் என்று விசாரிப்பதுதான் முதல் படி.

இனி, யாரிடம் கேட்பது. பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் பள்ளிக்குள்: ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர். அகதிப் பெற்றோரிடமா என்று நீங்கள் தயங்குவீர்கள். பணமாக வேண்டாம், ஒரு மணி நேரம், ஒரு கதை, ஒரு அலமாரிக்கு ஆணி அடிக்கும் வேலை. அவர்கள் கை பட்டிருக்கிறது என்பது வெளியே கேட்கும்போது உங்களுக்குப் பெரிய பலம். அவர்களுக்கும், வாங்குகிற இடத்தில் மட்டுமே நிற்கவில்லை என்ற நிம்மதி. அடுத்து ஊருக்குள்: கடைக்காரர்கள், வழிபாட்டு இடங்கள், ரோட்டரி மாதிரிச் சங்கங்கள் (அடிப்படைக் கல்வியும் எழுத்தறிவும் ரோட்டரி அறக்கட்டளையின் குறிக்கோள்களில் ஒன்று), பொது நூலகம். அதற்கு அப்புறம்தான் முன்பின் தெரியாதவர்கள். இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே இணையத்தில் போட்டவர்களின் பக்கம் பூஜ்யத்திலேயே நிற்பதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. ஏற்கெனவே முப்பது பேர் கொடுத்திருக்கிற பக்கத்தில்தான் முப்பத்தோராவது ஆள் கொடுப்பார்.

பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் தனிப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்கு நேரடியாகப் பணம் தருவது வழக்கமில்லை. அரசோடும் கூட்டாளி அமைப்புகளோடும் சேர்ந்துதான் அது இயங்குகிறது. நெருக்கடிகளில் கல்விக்காக 2016ல் தொடங்கப்பட்ட எஜுகேஷன் கெனாட் வெயிட் என்ற நிதியமும் அப்படித்தான். ஆனால் உங்கள் பகுதியில் அகதிக் கல்வியைக் கவனிக்கும் கூட்டாளி அமைப்பு ஒன்று இருக்கும். அவர்களுடைய வருடத் திட்டம் எழுதப்படும் மாதத்தில் உங்கள் ஒரு பக்கக் குறிப்பு அவர்கள் மேசையில் இருந்தால், அதில் ஒரு வரியாக நூலகம் நுழைய வாய்ப்பு உண்டு. திட்டம் முடிந்தபின் போனால் கதவு மூடியிருக்கும்.

கேட்பதில் துணிச்சல் வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் யெல்லா லெப்மன். ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து போனவர். அதாவது அவரே ஒரு அகதி. போர் முடிந்ததும், பெண்கள், சிறுவர் விவகாரங்களில் அமெரிக்க ராணுவத்துக்கு ஆலோசகராக இடிந்துகிடந்த ஜெர்மனிக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு உணவு தவிர இன்னொன்றும் வேண்டும் என்று சொல்லி, இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் நாட்டின் நல்ல சிறுவர் நூல்களை அனுப்புங்கள். நேற்றுவரை எதிரி நாடாக இருந்த ஒன்றின் பிள்ளைகளுக்காக. பெல்ஜியம் மறுத்தது, ஜெர்மனி இரண்டு தடவை படையெடுத்து நுழைந்த நாடு அது. லெப்மன் கோபப்படவில்லை, விட்டுவிடவும் இல்லை. மூன்றாவது தடவை அப்படி நடக்காமலிருக்க வேண்டாமா, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்ற பொருளில் மறுபடி எழுதினார். பெல்ஜியம் அருமையான தொகுப்பு ஒன்றை அனுப்பி வைத்தது. 1946ல் மியூனிக்கில் கண்காட்சியாகத் தொடங்கியது, 1949ல் பன்னாட்டு இளைஞர் நூலகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் இருக்கிறது. மறுத்தவருக்கு இரண்டாம் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன், அதில் முதல் கடிதத்தில் இல்லாத புதுத் தகவல் ஒன்று இருக்க வேண்டும்.

வேண்டுகோளில் என்ன எழுதுவது? உலகத்தில் பள்ளி வயதில் சுமார் 1 கோடியே 48 லட்சம் அகதிப் பிள்ளைகள், அவர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கே போகவில்லை என்று அகதிகள் ஆணையம் 2023 அறிக்கையில் சொன்னது. நெஞ்சை அடைக்கும் எண்ணிக்கை. ஆனால் அதில் தொடங்காதீர்கள். படிப்பவருக்குத் தன்னால் எதுவும் ஆகாது என்று தோன்றிவிடும். ஒரு குழந்தையின் பெயரும் முகமும் காட்டினால் மக்கள் அதிகம் கொடுப்பார்கள் என்று நிதி திரட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாக 2007ல் வந்த ஒரு பிரபலமான ஆய்வும் உண்டு. ஆனால் 2023ல் அதே சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே இது நாம் நினைத்த அளவுக்கு உறுதியான விஷயம் இல்லை. எனக்கு அதில் ஒருவித நிம்மதிதான், ஏனென்றால் அகதிப் பிள்ளையின் முகத்தைக் காட்டுவது ஆபத்தான வேலை.

ஊரில் மிச்சமிருக்கும் தாத்தாவையும் மாமாவையும் அந்த ஒரு படம் சிக்கலில் மாட்டிவிடலாம். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடியாத குடும்பமாக இருக்கலாம். அம்மாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று சொல்வீர்கள். மகன் படிக்கும் பள்ளியின் ஆசிரியர் கேட்கும்போது "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அந்த அம்மாவுக்கு இருக்கிறதா என்று யோசியுங்கள். என் விதி எளிது: முகம் இல்லை, பெயர் இல்லை, வந்த ஊர் இல்லை, பள்ளியின் சரியான முகவரி பொதுவில் இல்லை. மேலே சொன்ன படகுப் பக்கம் மாதிரி ஒரு நிகழ்ச்சியையும் வேண்டுகோளில் பயன்படுத்த மாட்டேன். இங்கே சொன்னதில்கூட யாரென்று தெரியாதபடிதான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதிலாகப் பொருளைக் காட்டுங்கள். ஓரம் மடங்கி, பசை நாடா மூன்று தடவை ஒட்டப்பட்ட ஒரு புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். இரவல் பதிவேட்டின் ஒரு பக்கத்தை, பெயர்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். ஒரே புத்தகத்தின் எதிரே பதினான்கு தேதிகள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எழுத்து இப்படி இருக்கலாம்: "எங்கள் பள்ளியில் 140 பிள்ளைகள். வீட்டில் ஐந்து மொழிகள் பேசுகிறார்கள். எங்கள் அலமாரியில் அவற்றில் இரண்டு மொழிகளில்தான் புத்தகம் இருக்கிறது. அறை இருக்கிறது. பெற்றோர் இருபது கதைகளை மொழிபெயர்த்து முடித்துவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அச்சுச் செலவும், வாரத்தில் மூன்று நாள் அறையைத் திறக்கும் ஒருவருக்கு ஒரு வருட ஊதியமும். நீங்கள் மாதம் இவ்வளவு தந்தால் ஒரு பிற்பகல் திறந்திருக்கும்." கடைசி வரியைக் கவனியுங்கள். மாதாமாதம் சின்னத் தொகை தரும் இருபத்தைந்து பேர், ஒரே தடவை பெரிய தொகை தந்துவிட்டுப் போகிறவரைவிட நூலகத்தைக் காப்பாற்றுவார்கள். திறப்பு விழாவுக்குப் பணம் எப்போதும் கிடைக்கும். மூன்றாம் வருடத்துக்குத்தான் கிடைக்காது.

உரிமையைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். 1989ல் வந்த குழந்தை உரிமைகளுக்கான ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு, சிறுவர் நூல்களை உருவாக்குவதையும் பரப்புவதையும் நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தில் இது நன்றாக வேலை செய்யும்.

தளங்கள். பலரிடமிருந்து சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் பெரிய இணையத் தளங்கள் பல, குறிப்பிட்ட நாடுகளில் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் பணத்தை விடுவிக்கும். டோனர்ஸ்சூஸ் அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளுக்கானது. 2002ல் தொடங்கிய குளோபல்கிவிங் பல நாட்டு அமைப்புகளை ஏற்கும், ஆனால் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், சரிபார்ப்பு உண்டு. எதில் போவதானாலும் மூன்றைப் பாருங்கள்: வரும் பணத்தில் தளம் மொத்தம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும், இலக்கு எட்டாவிட்டால் பணம் கைக்கு வருமா, மாத நன்கொடை வசதி உண்டா.

பணம் தனி ஆளின் கணக்கில் வரவே கூடாது. உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டும். பள்ளியின் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. பள்ளிக்குப் பதிவு இல்லையென்றால், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் கீழ் உங்கள் நிதியைத் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பணத்துக்குச் சில நாடுகளில் தனிச் சட்டமே உண்டு. இந்தியாவில், உதாரணத்துக்கு, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு அமைப்பு வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நல்ல எண்ணத்தில் வந்த பணமே வழக்காகிவிடும். இன்னொரு பக்கம், சில இடங்களில் அரசே உதவுகிறது: பிரிட்டனில் வருமான வரி கட்டுகிற ஒருவர் கிஃப்ட் எய்ட் படிவம் நிரப்பி, தகுதியுள்ள அறக்கட்டளைக்குத் தந்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகச் சேரும்.

பணம் வந்த இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை நாள் திறந்திருந்தது, எத்தனை புத்தகம் வெளியே போயிற்று, எத்தனை திரும்பி வரவில்லை, எதில் தவறினோம். நான் அனுப்பியவற்றில் அதிகம் பதில் வந்தது, "பதினொரு புத்தகம் திரும்பவில்லை, ஐந்து குடும்பங்கள் இரவோடு இரவாக இடம் மாறிவிட்டன, புத்தகங்கள் அவர்களோடு இருக்கும் என்று நம்புகிறோம்" என்று எழுதிய பக்கத்துக்குத்தான். அந்தப் பதினொன்றையும் மறுபடி வாங்கும் பணம் அந்த வாரமே வந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. இந்த வாரம் எந்தத் தளத்திலும் பக்கம் திறக்காதீர்கள். வகுப்பு வகுப்பாகப் போய், வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள், வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யார், எந்த மொழியில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் இங்கே எழுதுங்கள். எந்த மொழிக்கு எங்கே புத்தகம் தேடலாம், முதல் முந்நூறை எப்படிப் பிரிக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவோம்.